மூன்றாவது பெட்டி

கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போகிறவர்கள் முதலில் சத்தத்தைத்தான் கேட்டுப் பார்க்கிறார்கள். அது தவறு. முதலில் பெட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கடைக்குள் நாலடி தூக்குவது வேறு, எஸ்டேட் பாதையில் மழையோடு மேடேறித் தூக்குவது வேறு. அடுத்ததாக, போகிற இடத்தில் கரண்ட் இருக்குமா என்று யோசிக்க வேண்டும். சத்தம் அதற்கப்புறம்தான். லூயிசுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கடையில் அவனாகவே அந்த வரிசையில்தான் பார்த்தான். சரியாகத்தான் பார்த்தான்.

ஐயா எழுதிக்கொள்வதற்கு வசதியாக நிதானமாகவே சொல்கிறேன். போலீஸ் ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சுவிசேஷமுத்து எங்கள் எஸ்டேட் ஆலயத்தின் கோயில்பிள்ளை. மணியடிப்பது, கூட்டிப் பெருக்குவது, விளக்குப் போடுவது அவர் வேலை. லூயிஸ் செத்தது தன்னால்தான், பிளக்கைத் தலைகீழாகச் செருகிவிட்டேன் என்று காலையில் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறார். அவர் சரியாகத்தான் செருகினார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

என் பெயர் ராஜரத்தினம். கீழ் கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் எலெக்ட்ரீசியன். பேக்டரி மோட்டார்கள், துரை பங்களா, ஆஸ்பத்திரி, ஆலயம் என்று கரண்ட் இருக்கிற இடமெல்லாம் என் பொறுப்பு. தொழிலாளிகள் குடியிருக்கும் லயங்களுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. சிலோனிலும் எனக்கு இதே வேலைதான், அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து எங்களைக் கப்பலேற்றத் தொடங்கியபோது முதலில் வந்தவர்களில் நானும் ஒருவன்.

அங்கே எனக்கு ஒரு மனைவி இருந்தாள். ஆண்டாயி என்று பெயர். அவளுடைய அப்பா சிலோன் குடியுரிமைக்கு மனுப் போட்டவர், மகள் பெயரையும் அதில் சேர்த்திருந்தார். எனக்கு இந்தியா என்று முடிவாகிவிட்டது, அவளுக்கு எது என்று முடிவாகவில்லை. இப்படிப் பிரிந்த குடும்பங்கள் நிறைய உண்டு. நான் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. போய் ஒரு இடம் பார்த்துக்கொண்டு கூப்பிடுகிறேன் என்று சொன்னேன். புறப்படுகிற தேதியை மட்டும் சொல்லவில்லை. அட்டன் ஸ்டேஷனில் கோச்சியின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சனங்கள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு அழுகையை அவளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். இந்தக் கரையில் இறங்கியதும் மண்டபம் முகாமில் குடும்பம் உண்டா என்று கேட்டார்கள். எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது, வெயில் அதிகம், நிற்க முடியவில்லை. இல்லை என்றேன்.

இந்த மலைக்கு வந்து கொஞ்ச காலத்தில் ஜூடித்தைக் கட்டிக்கொண்டேன். எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் ஆயா வேலை பார்க்கிறாள். திருநெல்வேலிப் பக்கமிருந்து அவளுடைய முன்னோர் மலையேறி ரொம்பக் காலமாகிறது. அவளுக்காக ஞானஸ்நானம் எடுத்தேன். முதல் மனைவி சிலோனில் காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று சொல்லியிருந்தேன். ஜூடித் இரக்கமுள்ள பெண். கல்லறைத் திருநாள் வந்தால் தன் வீட்டுப் பெரியவர்களுக்கு ஏற்றும்போது ஆண்டாயி பேருக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவாள். அங்கே காற்று அதிகம். அணையாமலிருக்க நான் கையை வைத்து மறைத்துக் கொடுப்பேன்.

அதற்குப் பிறகுதான் லூயிஸ் வந்தான். சிலோனில் நான் இருந்த அதே தோட்டத்தில் கீழ் டிவிஷன்காரன். என்னைவிட இளையவன், ஒல்லியான ஆள், ஒரு தகரப் பெட்டியும் ஒரு கிட்டாரும் அவன் சொத்து. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற வேலையில் அவனைச் சேர்த்தார்கள். முதல் நாள் காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் எடுக்கும்போதே என்னைக் கண்டுகொண்டு ஓடிவந்தான். அண்ணியை எப்போது கூப்பிடப் போகிறீர்கள் என்று கேட்டான். அவனைத் தனியாக அழைத்துப்போய், நான் இங்கே என்ன சொல்லி வைத்திருக்கிறேன் என்பதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கிட்டாரின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றான்.

"சரிண்ணே," என்றான். "நான் யாருக்கும் சொல்லல்ல."

சொல்லவும் இல்லை. லூயிஸ் சொன்ன சொல் தவறாதவன். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆனால் பாடினான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். லூயிஸ் பலிபீடத்துக்குக் கீழே படியில் உட்கார்ந்து கீர்த்தனைகள் பாடுவான், பிறகு சிலோன் பாட்டுகள் பாடுவான், கடைசியில் தானே கட்டிய ஒரு பாட்டைப் பாடுவான். ஒரு பெண் பாடுவதுபோல் அமைத்திருந்தான்.

தலமன்னாரு எறங்குதொறையில தனியா நிக்கிறேன்
கப்பலு பொக கரையிற மட்டும் கையத் தூக்குறேன்
போறவுக திரும்பிப் பாத்தா போதும்ங்கிறேன்.

சிலோனிலிருந்து வந்த அத்தனை பேரும் அழுவார்கள். சிலோனையே பார்க்காத ஜூடித்தும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். ஒருநாள் அவனிடமே கேட்டுவிட்டாள்.

"அந்தப் பொண்ணு யாருங்க தம்பி?"

லூயிஸ் என்னை ஒரு தடவை பார்த்தான். எனக்குத் தெரிந்த ஒருத்திதான் அக்கா என்றான்.

அந்தப் பார்வை எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆண்டாயி எனக்காகத் தலைமன்னாருக்கு வந்து நிற்கவில்லை. தேதியே தெரியாதவள் எப்படி வருவாள். பாட்டுக்காக லூயிஸ் கூட்டிச் சேர்த்துக்கொண்டான் என்று நினைத்தேன். பாட்டுக் கட்டுகிறவர்கள் அப்படித்தான்.

மோட்டாரில் பேரிங் தேய்ந்துபோனால் ஒரு சத்தம் வரும். பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கேட்காது. எனக்குக் கேட்கும். சாப்பிடும்போது கேட்கும், வீட்டில் படுத்திருந்தாலும் கேட்கும். அதை மாற்றுகிறவரைக்கும் உடம்பு ஓயாது. அந்தப் பாட்டும் எனக்கு அப்படித்தான் ஆயிற்று. லூயிஸ்மேல் எனக்குக் கோபம் இல்லை. களைப்புதான். ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்க எனக்குக் கைகால் கனத்துவிடும்.

அவனுடைய பாட்டுக்குப் பெயர் வந்தது. மற்ற எஸ்டேட்டுகளிலிருந்தும் கல்யாணத்துக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மரக் கிட்டாரின் சத்தம் பந்தலில் கடைசி வரிசைக்குப் போகாது. ஒரு ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்றான். எனக்கு அதெல்லாம் தெரியும் என்பதால், கூட வந்து பார்த்து எடுத்துத் தரச் சொன்னான். இருவரும் பஸ் பிடித்துக் கோயமுத்தூர் போனோம்.

மேட்டுப்பாளையம் தாண்டியதும் பேச ஆரம்பித்தான்.

"அண்ணே, ஒரு விசயம். ஆண்டாயிக்குப் பாஸ்போட்டு கெடைச்சிருச்சு. இனி வாற கப்பல் எதுலயாவது வந்துருவா."

அதுவரைக்கும் அண்ணி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். அன்றைக்கு வெறும் பெயரைச் சொன்னான். என்மேல் மரியாதை போய்விட்டது என்று புரிந்துகொண்டேன். அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். முதலில் சாமானை வாங்குவோம், மற்றதெல்லாம் அப்புறம் என்றேன். அவன் தலையாட்டினான். என்ன சொல்லப் போகிறான் என்பது எனக்குத் தெரிந்ததுதானே, அதை எதற்குக் காதாலும் கேட்க வேண்டும்.

கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். முதலாவது டிரான்சிஸ்டர் செட். பேட்டரியில் ஓடும், கைப்பிடி உண்டு, ஒரு குழந்தையின் எடைதான் இருக்கும். சத்தம் கொஞ்சம் சிறியது, ஆனால் சுத்தமாக இருந்தது. இரண்டாவது கரண்டில் ஓடுகிற பெரிய வால்வு செட். உள்ளே டிரான்ஸ்பார்மர் இருப்பதால் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மூன்றாவதும் கரண்டில் ஓடுவதுதான், பழையது, யாரோ கொண்டுவந்து போட்டது. ஆனால் இலேசாக இருந்தது. தெருவெல்லாம் கேட்கிற சத்தம்.

லூயிஸ் முதல் பெட்டியை விட்டு நகரவில்லை. தூக்கித் தோளில் வைத்துப் பார்த்தான். கடையிலிருந்த ஒரு கிட்டாரில் ஒயரை மாட்டச் சொல்லி நாலு சுரம் மீட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"இது போதும்ணே. நான் போற எடத்துலயெல்லாம் கரண்டு இருக்காது."

அவன் சொன்னது சரி. அன்றைக்கு அந்தக் கடையில் வேறு யார் நின்றிருந்தாலும் அதைத்தான் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். நான் மூன்றாவது பெட்டியின் முதுகைத் திறந்து காட்டச் சொன்னேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதுல டிரான்ஸ்பார்மர் இல்லீங்க. அதனாலதான் வெயிட்டு இல்ல. பிளக்கு ஒரு பக்கமாப் போட்டா ஒண்ணுமில்லீங்க, திருப்பிப் போட்டா உள்ள தகடு முச்சூடும் கரண்டுங்க. ரேடியோவுக்குச் சரி, மரப்பெட்டிக்குள்ள கெடக்கும். கிட்டாருக்கு வேண்டாமுங்க."

லூயிஸ் அப்போது வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். நான் அவனிடம் போய், மலைக் குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும், பாதிப் பாட்டில் நின்றுபோனால் மானம் போகும் என்று சொன்னேன். கல்யாணப் பந்தல்களுக்குப் பேக்டரியிலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ ஒயர் இழுத்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். முதல் பெட்டியை இன்னொரு தடவை பார்த்தான். பிறகு, அண்ணன் சொன்னால் சரிதான் என்றான். அந்த நேரத்தில் என் மனதில் எதுவும் இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது. நானே வெகுநாள் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மறுபடியும் அண்ணே என்று ஆரம்பித்தான். நான் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குகிறேன் என்று நினைத்துப் பெட்டியைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டான். என் காலுக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தான்.

கம்பியின் சத்தத்தைப் பெட்டிக்கு அனுப்புகிற பிக்கப்பை அவன் கிட்டாரில் பொருத்தியது நான்தான். இரைச்சல் வராமலிருக்க, பிக்கப்பின் உலோகக் கூட்டிலிருந்து கம்பிகள் மாட்டியிருக்கும் தகட்டுக்கு ஒரு சின்ன ஒயர் இழுத்தேன். எந்த மெக்கானிக்கும் செய்கிற வேலை அது. அதனால் கிட்டாரின் கம்பியும் பெட்டியின் உள்தகடும் ஒன்றாகிவிட்டன. எப்படித் திருப்பினாலும் செருக வருகிற இரண்டு முள் பிளக் அது; அதன் ஒரு பக்கத்தில் சிவப்புப் பெயின்டால் ஒரு பொட்டு வைத்து, பொட்டு மேலே இருக்கும்படிதான் செருக வேண்டும், மாற்றினால் ஆபத்து என்று லூயிசுக்கும் சுவிசேஷமுத்துவுக்கும் பல தடவை சொல்லிக் கொடுத்தேன். ஐயா அவரிடம் கேட்டுப் பாருங்கள். கவனமாகத்தான் இருந்தேன்.

சில வாரம் எல்லாம் நன்றாகப் போயிற்று. ஒரே ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. முன்பெல்லாம் தலைவலி என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்துவிடலாம். இப்போது அந்தப் பெட்டியின் சத்தம் பள்ளத்தைத் தாண்டி என் வீட்டுக்கே வந்தது. கதவைச் சாத்தினாலும் வந்தது. காப்பகத்துப் பிள்ளைகளெல்லாம் அந்தப் பாட்டைப் படித்துவிட்டன. ஜூடித் அரிசி களையும்போது அதையே முனகினாள்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம் லூயிஸ் பேக்டரிக்கு வந்தான். ஆண்டாயி கப்பலிறங்கி மண்டபத்தில் இருப்பதாக, அங்கிருந்து வந்தவர்கள் சொன்னார்களாம். இன்னும் சில நாளில் இங்கே வந்துவிடுவாள், அதற்குள் உங்களிடம் பேசியே ஆக வேண்டும் என்றான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை என்று காதைக் காட்டினேன். பண்டிகை முடியட்டும் என்றேன். சரிண்ணே என்று போய்விட்டான்.

மண்டபத்திலிருந்து சனங்களை எங்கெங்கோ அனுப்புகிறார்கள். லூயிஸ் ஒருவன் இல்லாவிட்டால், நான் இருக்கிற இடத்துக்கு வர ஆண்டாயிக்கு வழி தெரியாது. இதை அப்போது நினைத்தேனா என்றால், நினைத்திருப்பேன். ஆனால் அது முக்கியம் இல்லை. எனக்கு ஓய்வு வேண்டியிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் பண்டிகைக்கு விளக்குப் போடுவதற்காக ஆலயத்துக்குப் போனேன். ஆள் இல்லை. பிளக் செருகுகிற போர்டின் மூடியைக் கழற்றினேன். உள்ளே வருகிற இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிப் பொருத்தினேன். ஒரு திருகாணி துருப்பிடித்திருந்தது. பேக்டரிக்குப் போய் எண்ணெய் கொண்டுவந்து விட்டுக் கழற்றினேன். மூடியை மாட்டிவிட்டு, சுவரில் பட்ட கைக்கறையைத் துடைத்தேன். இப்போது சிவப்புப் பொட்டு மேலே இருந்தால்தான் ஆபத்து. நான் செய்தது இவ்வளவுதான். மற்றதைப் பெட்டி செய்தது.

மறுநாள் காலை நல்ல மழை. பலிபீடத்துக்கு முன்னால் கேரட்டும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் குவித்திருந்தார்கள். சிமென்ட் தரை ஈரம் கசிந்து மினுமினுத்தது. ஆலயத்துக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. சுவிசேஷமுத்து பிளக்கை வேட்டியில் துடைத்து, பொட்டை விரலால் தடவிப் பார்த்து, மேலே இருக்கும்படி செருகினார். லூயிஸ் அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கம்பியில் கை வைத்தான்.

பெட்டியிலிருந்து ஒரே சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் விழுந்த பிறகும், கிட்டாரை விடாமல் கட்டிப்பிடித்திருந்ததால், சிலருக்குப் புரியவில்லை. மெயின் சுவிட்சை அணைத்தது நான்தான். ராஜரத்தினம் ஓடிப்போய் அணைத்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஓடவில்லை. நடந்து போனேன்.

அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு எல்லோரும் போனபின் ஒயர்களைப் பழையபடி மாற்றி வைத்தேன். எண்ணெய் விட்டிருந்ததால் திருகாணி சுலபமாக வந்தது. என்ன நடந்திருக்கும் என்று எஸ்டேட் ஆபீசில் என்னைத்தான் கேட்டார்கள். பழைய பெட்டி, ஈரத்தரை என்றேன். இரண்டும் உண்மை. சுவிசேஷமுத்து ஒரு மூலையில் நின்று தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடக்கத்துக்குப் பிறகு நான் நன்றாகத் தூங்கினேன். வெகு காலத்துக்கப்புறம் கிடைத்த தூக்கம். அது ஆண்டாயி வருகிறவரைக்கும் நீடித்தது.

அவளுக்கு எஸ்டேட் பெயரை லூயிஸ் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தான். நான் அதை யோசிக்கவில்லை. ஒரு மூட்டையோடு நனைந்துகொண்டே லயத்துக்கு வந்து, லூயிஸ் எங்கே என்று கேட்டிருக்கிறாள். சிலோன்காரர்களுக்குச் சிலோன்காரர்தான் சொல்ல வேண்டும் என்று சுவிசேஷமுத்து அவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். இளைத்துப்போயிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் மூட்டையை இறக்காமலே நின்றாள். பிறகு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். ஜூடித் தலை துவட்டத் துண்டு கொடுத்துவிட்டு டீ போட உள்ளே போனாள். அப்போதுதான் ஆண்டாயி பேசினாள்.

"பயப்புடாதீங்க. நான் ஒங்களத் தேடி வரல்ல."

நான் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"அவரு ஒங்கக்கிட்ட சொல்லல்லயா? நீங்க போன பொறகு அப்பாவும் செத்துட்டாரு. அடுப்பு எரியாத நாள்ல எனக்கு அரிசி கொண்டாந்து குடுத்தது லூயிசுதான். அவரு கப்பலேறுன அன்னைக்கு நான் தலைமன்னாருக்குப் போய் நின்னேன். கப்பல் மறையிற வரைக்கும் நின்னேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த மலையிலயே தள்ளி ஸ்ரீமதுரைப் பக்கம் ஒரு வெவசாயிகிட்ட வேல பேசி வச்சிருந்தாரு. நான் வந்ததும் ரெண்டு பேரும் அங்க போயிருவோம், அண்ணன் குடும்பத்துக்கு நம்மளால ஒரு தொந்தரவும் வரப்படாது, அவருகிட்ட மொறையா ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் ஒன்னயக் கூட்டிட்டுப் போவேன்னு சொல்லி அனுப்பியிருந்தாரு. கேக்கவே இல்லையா?"

கேட்க நேரம் கிடைக்கவில்லை என்றேன்.

"கடேசியா என்ன பாடுனாரு?"

பாட ஆரம்பிக்கவில்லை என்றேன். அதுவும் உண்மைதான்.

ஜூடித் டீயோடு வந்தபோது, இவள் என் சித்தப்பா மகள், தங்கை முறை, பெயர் கருப்பம்மா என்று சொல்லிவிட்டேன். ஆண்டாயி என்னை ஒரு தடவை பார்த்தாள், மறுக்கவில்லை. டீயை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். லூயிஸ் இருந்த அறையிலேயே அவளை இருக்க வைத்தோம். கொழுந்து எடுக்கிற வேலைக்குப் பேர் பதிந்து கொடுத்தேன். வேலை முடிந்ததும் நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அழுவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

அதைப் பார்த்துப் பார்த்துத்தான் சுவிசேஷமுத்துவுக்குத் தாங்கவில்லை. நேற்று என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, நான் பொட்டைத் தடவிப் பாத்துத்தானுங்க சொருகுனேன். இப்ப யோசிச்சா அதுவே சந்தேகமா இருக்குதுங்க."

உங்களுக்குக் கண் மங்கல்தானே என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர் இவ்வளவு தூரம் பஸ்ஸேறி வருவார் என்று நினைக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் நானும் வந்துவிட்டேன். அவரைப் பிடித்து வைத்தீர்களென்றால், அவர் வீட்டு அழுகையையும் நான்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு இனிமேல் முடியாது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். லூயிசைக் கொன்றது நான். கடையில் மூன்றாவது பெட்டியை எடுத்தபோதே கொன்றுவிட்டேன் என்று வேண்டுமானாலும் எழுதுங்கள், மறுக்கவில்லை. அவன் என்னிடம் பேச வந்த மூன்று தடவையும் நான் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை இப்போதைக்கு ஆண்டாயியிடம் சொல்ல வேண்டாம். மழை விடட்டும். அவள் இருக்கிற அறையில் கூரை ஒழுகுகிறது, இந்த வாரம் தகரம் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முடிந்தால் அதற்கு மட்டும் என்னை ஒருநாள் விடுங்கள். இந்த ஊரில் அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.